மாலையானால் ஈரப்பத சென்சார்கள் காணாமல் போகின்றன, ஆர்எஃப்ஐடி கேட் பக்கத்துப் பெட்டியையும் படிக்கிறது – உதவி தேவை

பின்னல்_ஐடி:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் பேக்கிங் கிடங்கில் நெட்வொர்க், கணினி வேலைகளைப் பார்க்கிறேன். இரண்டு பிரச்சினைகள். ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டா என்று தெரியாததால் சேர்த்தே எழுதுகிறேன்.

வெளிநாட்டு பையர் ஒவ்வொரு துணியிலும் ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் தள்ளியிருந்தே படிக்கக்கூடிய அடையாளச் சீட்டு) கேட்கிறார். அதனால் லாரி ஏற்றும் வாசலில் ஒரு ரீடர், நான்கு ஆன்டெனா வைத்த கேட் இருக்கிறது. கார்ட்டன் அதன் வழியாகப் போகும்போது உள்ளே எத்தனை பீஸ் என்று எண்ணி, பேக்கிங் லிஸ்டோடு ஒப்பிடுகிறோம். தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறிய பிறகு ஒரு பீஸ் குறைகிறது என்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கணக்கு இங்கேயே சரியாக வர வேண்டும்.

அப்புறம், ஐப்பசி மழையில் பருத்தித் துணி பெட்டிக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், ஸ்டாக் பகுதி முழுவதும் லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ முறை) ஈரப்பத சென்சார்கள் வைத்திருக்கிறோம். 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங். அவற்றின் தகவலை வாங்கி நெட்வொர்க்குக்குத் தரும் கேட்வே ஒன்றுதான். யுபிஎஸ்ஸும் லேன் கேபிளும் அங்கே இருப்பதால் வாசலுக்குப் பக்கத்துத் தூணில் மாட்டினார்கள்.

பிரச்சினை ஒன்று: மாலை 4 மணிக்கு லோடிங் தொடங்கியதிலிருந்து முடியும்வரை பாதி ரீடிங் வருவதில்லை. காலையில் எல்லாம் ஒழுங்கு. மாட்டிக்கொடுத்தவர்கள் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள்.

பிரச்சினை இரண்டு: கேட், பக்கத்தில் அடுக்கியிருக்கும் கார்ட்டன்களின் டேக்குகளையும் சேர்த்துப் படிக்கிறது. ஆனால் கேட்டில் போகும் பெட்டிக்குள் ஒன்றிரண்டை விட்டுவிடுகிறது. இதற்காக ரீடர் பவரை உச்சத்துக்கு ஏற்றினார்கள். அதன் பிறகு இன்னும் மோசம்.

சென்சார்_சேகரம்:

பேட்டரியைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. இந்த சென்சார்களில் 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு செல்தான் இருக்கும். நாள்பட்ட செல் சும்மா இருக்கும்போது முழு வோல்டேஜ் காட்டும், பாக்கெட் அனுப்பும் நொடியில் தொய்ந்துவிடும். ஒரே ஒரு சென்சாரில் புது செல் போட்டுப் பாருங்கள், செலவு குறைவு.

அலைவரிசை:

பேட்டரி தொய்ந்தால் காலையிலும் தொய்யும். லோடிங் நேரம் பார்த்துத் தொய்யாது. செல் வாங்குவதற்கு முன் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: லோரா சர்வரில் ஒரு சென்சாரின் ஃபிரேம் கவுன்ட்டர் (பாக்கெட்டுக்கு ஒன்றாக ஏறும் எண்) மாலையில் எப்படி நகர்கிறது? காலையிலும் மாலையிலும் ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் சிக்னலின் பலம்), எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு) என்ன? ரீடர் எந்தச் சேனல்களில், எவ்வளவு பவரில், எவ்வளவு நேரம் ஓடுகிறது? கேட்டுக்கும் கேட்வேக்கும் இடையே எத்தனை மீட்டர்?

பின்னல்_ஐடி:

பார்த்துவிட்டேன் அண்ணா. ஒரு சென்சாரில் 5 மணிக்கு 4210, அடுத்து வந்ததே 6 மணிக்குத்தான், அது 4214. ஆர்எஸ்எஸ்ஐ காலை, மாலை இரண்டு வேளையும் -98 அளவில்தான். ஆனால் எஸ்என்ஆர் காலையில் +6, மாலையில் தப்பித்து வருபவற்றில்கூட -5, -6. எல்லா சென்சாரும் எஸ்எஃப்7 (அனுப்பும் வேக அமைப்பு; எண் கூடினால் வேகம் குறையும், இரைச்சலை அதிகம் தாங்கும்). ரீடர் 30 டிபிஎம் (1 வாட்). சேனல்கள் 865.7, 866.3, 866.9 மெகாஹெர்ட்ஸ். லோடிங் தொடங்கும்போது ஆன் செய்தால் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். தூரம் சுமார் 6 மீட்டர்.

அலைவரிசை:

அப்படியென்றால் சென்சார்கள் பழுதாகவில்லை. கவுன்ட்டர் 4210-லிருந்து 4214-க்குத் தாவியதைப் பாருங்கள். நடுவில் மூன்று பாக்கெட்டுகளை சென்சார் அனுப்பியிருக்கிறது, கேட்வேதான் கேட்கவில்லை.

இந்தியாவில் ஆர்எஃப்ஐடியும் லோராவும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. 865–867 மெகாஹெர்ட்ஸை 2005-இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள், பின்னால் 868 வரை நீட்டினார்கள். அனுமதித்த டிரான்ஸ்மிட்டர் பவர் 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட். லோராவின் இந்தியத் திட்டத்தில் மூன்று அடிப்படைச் சேனல்கள்: 865.0625, 865.4025, 865.985. உங்கள் ரீடரின் 865.7 இதில் கடைசி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

பவரைக் கணக்குப் போடுவோம். 30 டிபிஎம், ஆன்டெனா கெயின் 6 டிபி என்று வைத்தால் 36. ஆறு மீட்டரில் காற்றில் இழப்பது ஏறக்குறைய 47. ஆன்டெனா நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் சிந்துவதுதான் கேட்வேக்கு வருகிறது என்று இன்னொரு 15-ஐக் கழித்தாலும், கேட்வே வாசலில் -26 டிபிஎம் நிற்கிறது. உங்கள் சென்சார் வருவது -98-இல். 72 டிபி வித்தியாசம், அதாவது ஒன்றரைக் கோடி மடங்கு. கெட்டிமேளம் கொட்டும்போது கடைசிப் பந்தியில் இருப்பவர் ரசம் கேட்டால் காதில் விழுமா? கேட்வேயின் நிலைமை அதுதான்.

இதை மோசமாக்குவது ஏடிஆர், அதாவது சென்சாரின் எஸ்எஃப்-ஐச் சர்வர் தானாக மாற்றும் முறை. வழக்கமான ஏடிஆர் கணக்கு, கடைசி 20 பாக்கெட்டுகளில் சிறந்த எஸ்என்ஆரை எடுத்துக்கொள்ளும். காலையில் அமைதியாக இருக்கும்போது +6 என்று பார்த்து, இந்த சென்சாருக்கு எஸ்எஃப்7 போதும் என்று முடிவு கட்டிவிடுகிறது. எஸ்எஃப்7-க்குக் குறைந்தபட்சம் -7.5 வேண்டும். மாலையில் தப்புவதே -5, -6 என்று விளிம்பில் நிற்கிறது, அதற்கும் கீழே இறங்குவது போகும். எஸ்எஃப்10 என்றால் -15 வரை தாங்கியிருக்கும்.

செய்ய வேண்டியவற்றில் முதல் வேலை ரீடரை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது. கேட்டில் ஒரு போட்டோ சென்சார் வைத்து ரீடரின் ஜிபிஐ இன்புட்டில் (வெளி சிக்னலை வாங்கும் இணைப்பு) இணையுங்கள். பெட்டி வந்தால் ஆன், புது டேக் வருவது நின்ற அரை நொடியில் ஆஃப். பெட்டி இல்லாத நேரத்தில் ரீடர் வாய் திறக்கவே கூடாது. இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும், உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அடுத்து கேட்வேயை ஸ்டாக் பகுதியின் மறுகோடிக்கு மாற்றுங்கள். லேன் கேபிள் இழுக்கும் செலவைப் பார்க்காதீர்கள். நடுவில் இரும்பு ரேக்குகள் மறைத்தால் நல்லதே. ரீடரில் 865.7-ஐ எடுத்துவிடுங்கள். ஏடிஆர் மார்ஜினை (எஸ்என்ஆரில் பாதுகாப்புக்காக விட்டுவைக்கும் அளவு) 5 டிபி கூட்டுங்கள். ஃபில்டர் வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள். ஒரே பேண்டுக்குள் 1 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைந்த இடைவெளியில் இருப்பதைப் பிரிக்கும் ஃபில்டர் பெரிது, விலையும் அதிகம். அதைக் கடைசியில் யோசிக்கலாம்.

வேகன்:

ரீடரில் ரீஜியனை அமெரிக்கா என்று மாற்றினால் 902–928-க்குப் போய்விடும். லோராவோடு மோதாது, சேனலும் நிறைய. ஒரு இடத்தில் இப்படி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அலைவரிசை:

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். இந்தியாவில் அந்த பேண்ட் ஆர்எஃப்ஐடிக்குத் திறந்ததல்ல. 890–915 மெகாஹெர்ட்ஸ் இங்கே மொபைல் போன்கள் டவரோடு பேசும் பாதை. கிடங்கில் 4 வாட்டில் அதன்மேல் ஏறினால் அக்கம்பக்கத்தில் எல்லோருடைய அழைப்பும் கெடும், சட்டச் சிக்கலும் உங்கள் நிறுவனத்தின் தலையில்தான் விழும். மற்றவர்கள் செய்கிறார்கள் என்பதற்காக நாமும் செய்ய வேண்டியதில்லை.

கார்ட்டன்_செக்கர்:

இரண்டாவது பிரச்சினைக்கு வருகிறேன். இதே வேலையில்தான் நானும் இருக்கிறேன். பவரை ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்று எங்கேயும் சொல்வார்கள். பக்கத்துப் பெட்டியைப் படிப்பதே பவர் கூடியதால்தான். 24, 25 டிபிஎம்முக்கு இறக்குங்கள். ஆன்டெனா நான்கும் கேட்டுக்குள், கொஞ்சம் கீழ்நோக்கிப் பார்க்கட்டும். அடுக்கி வைக்கும் பக்கம் அலுமினியத் தகடோ கம்பி வலையோ அடித்து மறையுங்கள்.

உள்ளே விட்டுப்போகும் பீஸ்களுக்குக் காரணம் வேறு. டி-ஷர்ட்டுகளை ஒரே மாதிரி மடித்து அடுக்கும்போது ஹேங்டேக் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நிற்கும். டேக் ஆன்டெனாக்கள் அப்படி நெருங்கினால் ஒன்றையொன்று டியூனிலிருந்து தள்ளிவிடும், நடுவில் இருப்பது வாயே திறக்காது. ஒரு பீஸை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பேக்கிங் அக்காக்களிடம் காரணத்தையும் சொல்லிவிட்டால் போதும், அவர்கள் பிசகாமல் செய்வார்கள்.

ரீடரில் செஷன் (ஒருமுறை பதில் சொன்ன டேக் எவ்வளவு நேரம் அமைதியாக இருக்க வேண்டும் என்ற அமைப்பு) எதில் இருக்கிறது? எஸ்0 என்றால் பக்கத்தில் சும்மா நிற்கும் பெட்டிகளின் டேக்குகள் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி நேரத்தைத் தின்றுவிடும், நகரும் பெட்டிக்கு வாய்ப்பு குறையும். எஸ்2 வைத்தால் ஒருமுறை பதில் சொன்ன டேக், ரீடரின் அலை பட்டுக்கொண்டிருக்கும்வரை அமைதியாக இருக்கும். ஆனால் அப்போது ஒரு டேக்குக்கு ஒரே ரீடிங்தான் கிடைக்கும். ஆர்எஸ்எஸ்ஐ ஏறி இறங்குவதை வைத்து நகர்கிறதா நிற்கிறதா என்று பார்க்கும் மென்பொருள் இருந்தால் அதற்கு அது போதாது. உங்களிடம் அது இல்லையென்றால் எஸ்2-வே நல்லது.

பின்னல்_ஐடி:

செஷன் எஸ்0-வில்தான் இருந்தது, எஸ்2 ஆக்கிவிட்டேன். போட்டோ சென்சார் மாட்டி, பவர் 25, தகடும் அடித்தாயிற்று. பக்கத்துப் பெட்டிகளைப் படிப்பது நின்றுவிட்டது. டேக்கை மாற்றி மாற்றி வைத்த பெட்டிகளில் கணக்கும் சரியாக வருகிறது. 865.7-ஐ எடுத்து, ஏடிஆர் மார்ஜினும் கூட்டினேன். கேட்வேயை மாற்ற அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, ஆனாலும் மாலை எஸ்என்ஆர் பெரும்பாலும் காலை அளவிலேயே இருக்கிறது. பெட்டிகள் வரிசையாகப் போகும் நேரத்தில் மட்டும் அங்கங்கே ஒரு ரீடிங் விடுகிறது. பையர் ஆடிட்டில் பதிவு முழுமையாக இருக்க வேண்டும். எல்லா சென்சாரிலும் கன்ஃபர்ம்டு அப்லிங்க் (ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வந்து சேர்ந்ததாக ஒப்புதல் கேட்கும் முறை) போட்டுவிடலாமா?

அலைவரிசை:

வேண்டாம். ஒப்புதல் அனுப்பும் நேரத்தில் கேட்வேக்குப் பொதுவாக எதையும் கேட்க முடியாது. எல்லா சென்சாரும் ஒப்புதல் கேட்டால் நீங்களே புது இடைவெளிகளை உண்டாக்கியதாகும். ஒப்புதல் வராத சென்சார் திரும்பத் திரும்ப அனுப்பி பேட்டரியையும் கரைக்கும்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு பாக்கெட்டிலும் இப்போதைய ரீடிங்கோடு முந்தைய மூன்றையும் சேர்த்து அனுப்ப அமைப்பு இருக்கிறதா என்று சென்சாரின் கையேட்டில் பாருங்கள். வெப்பம், ஈரப்பதம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு ரீடிங்குக்கு 4 பைட் போதும், மொத்தம் 16 பைட். தொடர்ந்து மூன்று பாக்கெட் போனாலும் நான்காவது வந்தால் பதிவு நிரம்பிவிடும். சர்வர் பக்கம் ஃபிரேம் கவுன்ட்டரை வைத்து நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, விட்டுப்போன இடத்தில் மட்டும் எழுதும்படி டிகோடரை (பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் நிரல்) மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரே ரீடிங் நான்கு முறை பதிவாகும்.