மாசமா இருக்கும்போது தங்க இடம் போனால்: வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கிலாந்து வந்தவர்களுக்கு

வேலூர், ஆம்பூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கோ கேர் வேலைக்கோ படிக்கவோ வந்தவர்கள், கணவரின் விசாவோடு வந்தவர்கள் எல்லாருக்கும் இது. முழுகாம இருக்கிற நேரத்தில் ரூம் கைவிட்டுப் போகிற மாதிரி இருந்தால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வீட்டுச் சட்டம் வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு.

ஓனர் "ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடும்மா" என்றதும் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். நாலு பேர் எதிரில் பேச்சு வாங்க வேண்டாம் என்று சத்தமில்லாமல் கிளம்புவது நம்ம ஊர்ப் பழக்கம். இங்கே அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். இருந்திருக்கக்கூடிய இடத்தைத் தானாக விட்டுப் போனவரை 'இன்டென்ஷனலி ஹோம்லெஸ்' (தெரிந்தே வீட்டை இழந்தவர்) என்று கவுன்சில் (உள்ளூர் நிர்வாகம்) முடிவு செய்யலாம். அப்படி எழுதிவிட்டால் நிரந்தர வீட்டுக்கான உதவி பெரும்பாலும் நின்றுபோகும். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கே வேறு. அந்த இடத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, உடனே வெளியே வரலாம்.

காலி பண்ணச் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் மெசேஜ் போதும். ஓனர் அதே வீட்டில் இருந்து கிச்சனையோ பாத்ரூமையோ உங்களோடு பகிர்ந்தால் நீங்கள் லாட்ஜர். கோர்ட்டுக்குப் போகாமலே, நியாயமான அவகாசம் கொடுத்துக் காலி பண்ணச் சொல்லலாம். நம்மவர்கள் பலர் இருப்பது இப்படித்தான்: ஒரு குடும்பம் வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு ரூமை நமக்கு விட்டிருக்கும். அந்தக் குடும்பம்தான் நமக்கு ஓனர். ஓனர் வேறு வீட்டில் இருந்தால், பெரும்பாலும் கோர்ட் உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றுவது குற்றம்.

அடுத்தது விசா. ஈ-விசா பக்கத்தைத் திறந்து 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசு தரும் வீட்டு உதவி, உதவித்தொகை போன்றவை) பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வேலை விசா, மாணவர் விசா, அவர்களோடு வந்தவர்களின் விசா எல்லாவற்றிலும் பெரும்பாலும் 'நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்றுதான் இருக்கும்.

அந்தத் தடை இல்லாதவர்கள் (செட்டில்மென்ட் வாங்கியவர்கள், அகதி அந்தஸ்து பெற்றவர்கள்) நேராகக் கவுன்சிலுக்குப் போகலாம். 56 நாளுக்குள் இடம் போகும் என்றாலே விண்ணப்பிக்கலாம், தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணி என்றால் எத்தனை வாரம் ஆனாலும் 'ப்ரையாரிட்டி நீட்', அதாவது முன்னுரிமை உண்டு. 8 வாரம் என்றாலும் அதே உரிமைதான். அன்றைக்கே தங்க இடமில்லை என்றால், விசாரணை முடியும்வரை தற்காலிக இடம் கொடுக்க வேண்டியது கவுன்சிலின் கடமை. தனியார் பி அண்ட் பி-யில் (சின்ன லாட்ஜ்) போட்டால் 6 வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

தவறுவது கவுன்ட்டரில்தான். "எல்லாப் பேப்பரும் கொண்டுவாங்க", "நீங்க வேற கவுன்சில்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதனால் வாயால் மட்டும் கேட்காமல் ஈமெயில் போடுங்கள்: எத்தனை வாரம், எந்தத் தேதியிலிருந்து இடமில்லை, "ஐ வான்ட் டு மேக் எ ஹோம்லெஸ்னெஸ் அப்ளிகேஷன்". இந்த வரி இருக்கட்டும். கர்ப்பத்துக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டோ மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் நர்ஸ்) கடிதமோ போதும். மேட்பி-1 படிவம் (பிரசவத் தேதிச் சான்று) 20 வாரத்துக்குப் பிறகுதான் கிடைக்கும், அதற்காகக் காத்திருக்காதீர்கள். உதவி கிடையாது என்று முடிவு வந்தால் 21 நாளுக்குள் ரிவ்யூ கேட்கவேண்டும். வீட்டுப் பிரச்சினைக்கு உதவும் ஷெல்டர் அமைப்பின் இலவச எண் 0808 800 4444.

'நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்' உள்ளவர்களுக்கு ஹவுசிங் கதவு மூடியிருக்கும், ஆனால் எல்லாக் கதவும் மூடவில்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்தால் 1989-ஆம் ஆண்டின் சில்ட்ரன் ஆக்ட் 17-ஆம் பிரிவின்கீழ் கவுன்சிலின் சோஷியல் சர்வீசஸ் அந்தப் பிள்ளைக்காகக் குடும்பத்துக்கே இடமும் செலவும் கொடுக்க முடியும். அது பப்ளிக் ஃபண்ட்ஸில் சேராது. பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் பலர் போவதே இல்லை. காசு இல்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பிரிப்பது அந்தப் பிரிவின் வேலை இல்லை. குடும்பம் சேர்ந்து இருப்பதற்குத்தான் அது. ஊருக்கு டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்று அவர்கள் சொல்லக்கூடும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தலைப்பிரசவம் என்றால் வழி இன்னும் குறுகல். மிட்வைஃபிடம் மறைக்காமல் சொல்லி, சேஃப்கார்டிங் மிட்வைஃப் (தாய்-சேய் பாதுகாப்பைக் கவனிப்பவர்) மூலம் சோஷியல் சர்வீசஸுக்கு எழுதச் சொல்லுங்கள்.

கணவரோ அவர் வீட்டாரோ துன்புறுத்தி உறவு முறிந்திருந்தால், வேலை அல்லது மாணவர் விசாக்காரரின் மனைவிக்கும் 3 மாத அவகாச அனுமதி உண்டு. அந்த 3 மாதமும் அரசு உதவி வாங்கலாம். ஆனால் அது கிடைத்ததும் இப்போதைய விசா போய்விடும். அதனால் பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரைக் கேட்காமல் அந்தப் படிவத்தைப் போடாதீர்கள். வீட்டு வன்முறைக்கான 24 மணி நேர இலவச எண் 0808 2000 247, மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

வீட்டுப் பிரச்சினை தீரட்டும் என்று மிட்வைஃபைத் தள்ளிப்போடவே கூடாது. ஜி.பி.யில் (குடும்ப டாக்டர்) பதிவு செய்ய முகவரிச் சான்றோ பாஸ்போர்ட்டோ கட்டாயம் இல்லை. ஜி.பி.க்குப் போகாமலே ஆஸ்பத்திரியின் வெப்சைட்டில் நேராகப் பதியலாம். முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடக்கட்டும். தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) ரத்தப் பரிசோதனை அதற்குள் எடுப்பதுதான் நல்லது. குடும்ப வேர் தெற்காசியா என்பதால் 24–28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனையும் வைப்பார்கள், வைக்காவிட்டால் கேளுங்கள். ஹெல்த் சர்சார்ஜ் (விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம்) கட்டியவர்களுக்கும், செட்டில்மென்ட் அல்லது அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கும், ஹெல்த் அண்ட் கேர் விசாவில் அதிலிருந்து விலக்குப் பெற்றவர்களுக்கும் பிரசவம் இலவசம். மற்றவர்களுக்குப் பில் வரலாம். ஆனால் முன்பணம் கட்டவில்லை என்று பிரசவ சிகிச்சையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேளுங்கள். கணவரை மொழிபெயர்க்க வைத்தால் வீட்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

கம்பெனி கொடுத்த ரூமில் இருக்கும் கேர் வேலைக்காரர்களுக்கு ஒன்று. கர்ப்பம் என்பதற்காக வேலையை விட்டு எடுப்பது சட்டவிரோதம். வேலைப் பிரச்சினைக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் எண் 0300 123 1100. பயந்துபோய் ராஜினாமா எழுதிக் கொடுத்தால் வேலை, ரூம், விசா மூன்றும் சேர்ந்து ஆடும். 39 வார மகப்பேறு ஊதியம் பப்ளிக் ஃபண்ட்ஸில் சேராது. அதற்கு, பிரசவத் தேதிக்கு முந்தைய 15-ஆவது வாரத்துக்குள் 26 வாரம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். அந்த ஊதியம் கிடையாது என்று முதலாளி சொன்னால், காரணம் எழுதிய எஸ்.எம்.பி-1 படிவத்தை அவரிடம் வாங்கி, அரசு தரும் மெட்டர்னிட்டி அலவன்ஸுக்குப் போடுங்கள்.

தாய் வீட்டுக்கே போய்ப் பெற்றுக்கொள்ளலாம் என்பதும் நல்ல முடிவுதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 28 வாரத்துக்குப் பிறகு பல ஏர்லைன்கள் டாக்டர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்றாது. ஊரில் பிறக்கும் குழந்தை இங்கே வர அதற்கெனத் தனி விசா வேண்டும், எல்லா விசாக்காரர்களின் குழந்தைக்கும் அது கிடைக்காது, முதலில் அதைக் கேட்டுக்கொண்டு செலவையும் கணக்கில் வையுங்கள். இங்கே எடுத்த ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாம் ஆப்பில்தான் இருக்கும், சி.எம்.சி.க்குப் போனாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனாலும் காட்டுவதற்குக் காகிதம் வேண்டும். கிளம்பும் முன் இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.