அம்மா ஸ்வான்சிக்குப் பேறுகாலம் பார்க்கப் போறாங்க: அங்க வீட்டு நடப்பு எப்படி?

சின்னப்பாலம் செல்வி:
எங்க அக்கா பிரிட்டன்ல, வேல்ஸ் பக்கம் ஸ்வான்சியில நர்ஸா இருக்கா. மச்சான் அந்த ஊர்க்காரர். ஆனி மாசம் அக்காவுக்குப் பேறுகாலம், அம்மாதான் போய்ப் பார்க்கணும். அம்மா சின்ன வயசுல இருந்து கடல்ல பாசி எடுக்குறவங்க. விரல்ல துணி சுத்தி, முகத்துல கண்ணாடி மாட்டி இறங்கினா மத்தியானம்தான் கரையேறுவாங்க. மதுரை தாண்டிப் போனதில்ல. சம்பந்தி வீட்டுல எப்படிப் பழகணும், எதைப் பார்த்து மிரளுவாங்கன்னு அங்க இருந்தவங்க சொல்லுங்களேன். குளிரைப் பத்தி அக்காவே சொல்லிட்டா.

தங்கச்சிமடம் ரோஸ்லின்:
செல்வி, என் மகளும் அந்த ஊர்லதான் வாழ்க்கைப்பட்டிருக்கா. பேரன் பிறந்தப்ப நான் போய் இருந்தேன்.

அம்மா முதல்ல மிரளப்போறது பிள்ளைபெத்தவளைப் பார்த்துத்தான். சுகப்பிரசவம்னா அன்னிக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வந்ததும் தலைக்கு ஊத்திக்கிட்டு, வாட்டின ரொட்டியைத் தின்னுட்டு, கொஞ்ச நாள்லயே தள்ளுவண்டியில பிள்ளையோட கடற்கரைக்குக் கிளம்பிடுவாளுக. பிள்ளைக்கு நல்ல காத்து வேணுமாம். காதுல பஞ்சு வைக்காம விடமாட்டேன்னு நான் நின்னேன், கம்பளித் தொப்பியே போதும்னு சம்பந்தியம்மா நின்னாங்க. கடைசியில ரெண்டையும் போட்டுக்கிட்டுத்தான் என் பேரன் வாசப்படி தாண்டினான். ஒரு நிம்மதி, மருத்துவச்சி வீடு தேடி வந்து பார்ப்பாங்க.

பிள்ளை பார்க்க வர்ற வயசான பொம்பளைங்க உள்ளங்கையில வெள்ளிக்காசை வச்சு விரலை மடக்கி விடுவாங்க. காசை இறுகப் பிடிச்சா சிக்கனக்காரனா வருவானாம். எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு.

துணி காயப்போடுற கூத்தைச் சொல்லியே ஆகணும். துளி வெயில் தெரிஞ்சா தெரு முழுக்கக் கொடியில துணி ஏறிடும். தூறல் விழுந்ததும், கருவாட்டுக் களத்துல நாம ஓடுற மாதிரி, எல்லா வீட்டுலயும் ஓட்டம். ஓடுற ஓட்டத்துல பக்கத்து வீட்டுத் துணியையும் அள்ளிக் கொடுப்பாங்க. மழை நிக்கலன்னா குடும்பத்தோட கார்ல கடற்கரைக்குப் போயி, கண்ணாடியை ஏத்திக்கிட்டு, உருளைக்கிழங்கு வறுவலும் பிளாஸ்க் டீயுமா கடலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. இறங்கவே மாட்டாங்க!

கடலைப் பத்தி அம்மாகிட்ட அழுத்திச் சொல்லுங்க. நம்ம பாக் நீரிணையில ஏத்தவத்தம் ஒரு மீட்டர்கூட இருக்காது. அங்க பெரிய ஏத்தத்துக்கு 8 மீட்டருக்கு மேல ஏறி இறங்கும். வத்தத்துல கடலையே காணோம், வெறும் மணல்வெளிதான். தண்ணி திரும்புற வேகம் ஆளை ஏமாத்திரும். நேரம் பார்க்காம பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள நடக்க வேணாம்.

முக்கியமானதை விட்டுட்டேனே, அங்க பாசியைச் சாப்பிடுறாங்க! நாம எடுக்குற மரிக்கொழுந்துப்பாசி, ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற அகர் செய்யுற கம்பெனிக்குப் போகுது. அவங்க பாறையில ஒட்டுற வேறொரு பாசியைப் பல மணி நேரம் வேகவச்சு, கரும்பச்சைக் கூழா ஆக்கி, ஓட்ஸோட பிசைஞ்சு தட்டிப் பொரிச்சு, காலையில பன்றிக்கறியோட தின்பாங்க. பேரு லேவர் பிரெட். ஸ்வான்சி மார்க்கெட்ல அதுவும் வேகவச்ச மட்டிச் சிப்பியும் விப்பாங்க. அந்த மட்டிக்குப் பேர்போன ஊரு பென்கிளவுத். முன்னாடி அங்க பொம்பளைங்கதான் கழுதை ஓட்டிக்கிட்டுப் போயி மணலைக் கிளறி அள்ளிட்டு வருவாங்களாம். அம்மாவை அந்த மார்க்கெட்டுக்குக் கட்டாயம் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. சம்பந்தியம்மாவும் கூட வந்தா பேச்சு தானா வரும்.

ஏர்வாடி மாலுமி:
மச்சான் குடும்பப் பேரு ஜோன்ஸா, டேவிஸா? அங்க ஊருக்கு ஊரு அதே பேருதான். அதனால தொழிலை வச்சே ஆளைச் சொல்லுவாங்க: பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கார ஜோன்ஸ். நம்ம கரையில நண்டு அந்தோணி, வலை அந்தோணி இல்லையா? அப்புறம், பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லாம யாரும் இறங்க மாட்டாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அம்மாவுக்கு ‘டியோல்ஃக்’னு சொல்லக் கத்துக்கொடுங்க, வேல்ஸ் மொழியில நன்றின்னு அர்த்தம்.

சின்னப்பாலம் செல்வி:
டேவிஸ்தான் அண்ணே! ரோஸ்லின் அக்கா, சத்தமா வாசிச்சுக் காட்டினேன். “அந்தப் பாசி கிலோ என்ன விலை?”ன்னுதான் அம்மா கேக்குறாங்க. நெய், கருப்பட்டி கொண்டு போகலாமா?

தங்கச்சிமடம் ரோஸ்லின்:
நெய் வேணாம்மா. இங்கருந்து பால் பொருள், கறி எதுவும் உள்ள விடமாட்டாங்க, ஏர்போர்ட்லயே பறிச்சிடுவாங்க. நெய் அங்கேயே கிடைக்கும். சாயல்குடி கருப்பட்டியும் சுக்கும் கட்டிக் கொடுங்க.