14 வருஷ அனுபவத்துக்கு விலக்கு கேட்டது தப்பா?

பட்டறைக்காரன்:
14 வருஷமா வெல்டிங். பைப், பிரஷர் வெசல், ஸ்ட்ரக்சர் எல்லாம் பார்த்தாச்சு. இப்போ பகுதிநேர டிப்ளமோவில் சேர்ந்திருக்கேன். முன்பே கற்றதுக்கு அங்கீகாரம் கொடுத்து சில தாள்களுக்கு விலக்கு தரலாம்னு அவங்க விதிமுறையிலேயே இருக்கு. விண்ணப்பிச்சேன். என் கற்றலைப் பற்றி 40 பக்கம் எழுதிக்கிட்டு வரச் சொன்னாங்க. பத்தாவதோட நின்னவன் நான். ஒரு ஜாயின்ட்டைக் கொடுங்க, போட்டுக் காட்டுறேன், வளைச்சுப் பாருங்க, எக்ஸ்ரே எடுங்கன்னேன். படிவத்தில் அதுக்கு இடமில்லையாம். முதல் வருஷம் பூரா ஆர்க்கை எப்படிப் பிடிக்கிறதுன்னு எனக்குச் சொல்லித்தரப் போறாங்க. நான் கேட்டது தப்பா?

வகுப்பறை:
நான் 22 வருடமாகப் பாடம் நடத்துபவன். உங்கள் கையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விலக்கு கொடுப்பதை எதிர்க்கிறேன். காரணத்தை உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன்.

லோ-ஹைட்ரஜன் ராடை, அதாவது ஈரம் ஏறக்கூடாத வெல்டிங் குச்சியை, சூட்டடுப்பில் வைத்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால்? ராடின் மேல்பூச்சில் ஏறிய ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் போய்விடும். வெல்டு ஆறி, சில மணி நேரமோ இரண்டு நாளோ கழித்து, பக்கத்து உலோகத்தில் விரிசல் விடும். போட்ட கையோடு எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது. இது புரிந்தவர், தகடு தடிமனானாலோ எஃகில் கார்பன் கூடினாலோ, வெல்டு போடும் முன் உலோகத்துக்குக் கொடுக்கும் முன்சூட்டை ஏற்றுவார். பழக்கத்தில் செய்பவர் பழைய சூட்டிலேயே போடுவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஏன் என்ற கேள்விக்கு விடை ஏட்டில்தான் இருக்கிறது.

இரவுப்பணி:
சார், எல்லா ஏனும் ஏட்டில் இல்லை. ஆறு வருஷம் படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கிட்டவள் நான். அவர் போன பிறகு பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுக்கான பயிற்சியில் படுக்கைப்புண் பாடம் வந்தது. சிவந்த இடத்தை விரலால் அழுத்து, வெளுக்கலைன்னா புண் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம் என்றார்கள். அப்பா நல்ல கறுப்பு. அவர் தோலில் சிவப்பும் தெரியாது, அழுத்தினால் வெளுப்பதும் தெரியாது. நான் புறங்கையை வெச்சுப் பார்ப்பேன். சுத்தியிருக்கிற இடத்தைவிடச் சூடா இருக்கா, தொட்டா கெட்டியா இருக்கா, இல்லை கொழகொழன்னு ஆயிருக்கான்னு. குதிகாலிலும் இடுப்பு எலும்பிலும் இதை ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செஞ்சு கத்துக்கிட்டேன்.

வகுப்பில் எழுந்து சொன்னேன். சொல்லித்தந்தவங்க நல்லவங்க, "ஆமாம், கருந்தோலில் அப்படித்தான் பார்க்கணும்"னு எல்லாருக்கும் சொன்னாங்க. அப்புறமும் அந்தப் பாடம் முழுக்க நான் உட்கார வேண்டியிருந்தது, முழுக் கட்டணமும் கட்டினேன்.

அளவுகோல்:
மதிப்பீட்டுக் குழுக்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் வகுப்பறை பக்கம்தான் நான். வீட்டிலும் பட்டறையிலும் கற்றதில் சரியும் தப்பும் கலந்தேதான் வரும். நோயாளியைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவதை எத்தனை பேர் வருடக்கணக்கில் செய்கிறார்கள்! தோள் மூட்டு நழுவும், தூக்குபவரின் முதுகும் போகும். வருஷம் ஏற ஏற அந்தப் பழக்கம் இறுகுமே தவிரத் தானாகத் திருந்தாது.

எத்தனை வருஷம் என்பது வாசலில் நுழையத்தான். பிரான்சில் 2002 சட்டப்படி அனுபவத்தைக் கொண்டே பட்டம் வாங்கலாம். முதலில் 3 ஆண்டு அனுபவம் கேட்டார்கள், 2016ல் அதை ஓராண்டாக்கினார்கள், 2022 சட்டத்தில் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஜூரி எனும் மதிப்பீட்டுக் குழு முன்னால் போய் நின்றே ஆக வேண்டும். ஜூரி பாதியை மட்டும் ஏற்று மீதியைப் படித்துவிட்டு வா என்றும் சொல்லலாம். இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால், காசுக்கு அனுபவக் கடிதம் எழுதித் தருபவர்கள்தான் பிழைப்பார்கள்.

இரவுப்பணி:
கக்கத்தில் தூக்குற தப்பு என்கிட்டயும் இருந்தது, மறைக்கலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு அக்கா பார்த்துட்டு ஸ்லைடு ஷீட்னு வழுக்குற துணியை அடியில் போட்டு எப்படி நகர்த்துறதுன்னு காட்டினாங்க. அரை மணி நேரம். அன்னைக்கோட அந்தப் பழக்கம் போச்சு. என்கிட்ட குறையிருக்குன்னு கண்டுபிடிங்க, குறையிருக்கிற இடத்தை மட்டும் சொல்லிக்கொடுங்க. ஆறு வருஷத்தையும் சேர்த்து ஏன் அழிக்கிறீங்க?

பி ஷிப்ட்:
எங்க கம்பெனியில் எல்லாரையும் ஒரே நாளில் உட்கார வெச்சு, கேள்வி கேட்டு, திறன் சான்றிதழ் கொடுத்தாங்க. சம்பளத்தில் ஒரு பைசா ஏறலை. சான்றிதழுக்குப் பின்னால் கூலியோ பதவியோ வரணும், இல்லைன்னா அது வெறும் காகிதம். இதை யாரும் பேசலையேன்னு எழுதினேன்.

பட்டறைக்காரன்:
வகுப்பறை சார், அந்த விரிசலை நான் நேரில் பார்த்திருக்கேன். சனிக்கிழமை போட்ட ஜாயின்ட், திங்கட்கிழமை காலையில் முடி மாதிரி ஒரு கோடு. ஹைட்ரஜன்னு அப்பவே இன்ஸ்பெக்டர் சொன்னார். ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். எஃகில் கலந்திருக்கிறதை வெச்சு எவ்வளவு சுலபமா விரிசல் விடும்னு பார்க்கிற கார்பன் ஈக்விவலன்ட் கணக்கு எனக்குப் போடத் தெரியாது. டபிள்யூபிஎஸ்னு வெல்டிங் செய்முறைத் தாள் ஒண்ணு தருவாங்க, அதில் எழுதியிருக்கிற சூட்டுக்கு டெம்ப் ஸ்டிக்கை (குறிச்ச சூட்டில் உருகுற குச்சி) உரசிப் பார்த்துட்டுப் போடுவேன். எழுதினவர் தப்பா எழுதியிருந்தா என்னால கண்டுபிடிக்க முடியாது. மெட்டலர்ஜி (உலோகவியல்) தாளை நான் உட்கார்ந்தே படிக்கிறேன். செய்முறைத் தாள் இரண்டுக்கும், பாதுகாப்புத் தாளுக்கும் விலக்கு கொடுங்கன்னுதான் கேட்கிறேன்.

வகுப்பறை:
இப்படிப் பிரித்துக் கேட்டால் என் எதிர்ப்பு பாதியாகிவிடுகிறது. ஒரு வருஷத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதைத்தான் நான் இன்னும் ஏற்கவில்லை.

அந்த 40 பக்க விஷயத்தில் உங்களுக்கு நடந்தது தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் கவுன்சில் 2012 டிசம்பரில் தந்த பரிந்துரையில் நான்கு படிகள் வரும்: கற்றதை அடையாளம் காண்பது, ஆவணப்படுத்துவது, மதிப்பிடுவது, சான்றளிப்பது. என் அனுபவத்தில் ஆட்கள் விழுவது இரண்டாம் படியில். வெல்டிங் தெரியுமா என்று பார்க்க வேண்டிய இடத்தில் கட்டுரை எழுதத் தெரியுமா என்று பார்த்துவிடுகிறோம். நானும் அப்படி இருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதிலே ஒருவர் மறுபடி வரவே இல்லை.

அளவுகோல்:
ஆவணம் வேண்டாம் என்றால் மேல்முறையீடு வரும்போது குழு எதைக் காட்டும்?

வகுப்பறை:
வீடியோவைக் காட்டலாம். வெல்டு போடுவதைப் படம் பிடியுங்கள், வளைவுச் சோதனைத் துண்டில் எண் குத்தி வையுங்கள், இருபது நிமிடம் வாய்மொழியாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். இதுவும் ஆவணம்தான், எழுதியது இவரில்லை என்ற சந்தேகமும் இதில் வராது. காசுக்கு வாங்கிய கடிதத்தைவிட நம்பலாம்.

அளவுகோல்:
கேள்வி கேட்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் சரி. பல இடத்தில் அப்படி ஆளே இல்லை. அதுவரை எழுத்து ஆவணத்தைக் கைவிட நான் தயாரில்லை.

பட்டறைக்காரன்:
வாய்மொழித் தேர்வும் செய்முறையும் வேணும்னு புது விண்ணப்பத்தில் தனியா எழுதிக் கொடுக்கிறேன். தொழில் தெரிஞ்சவரை உட்கார வைக்கணும்னும் சேர்த்துக்கிறேன், அதில் அளவுகோல் சார் சொன்னதுதான் சரி. இரவுப்பணி அக்கா, உங்க இல்லத்திலேயும் கேட்டுப் பாருங்க, அடுத்த பாடத்துக்காவது.