கீபோர்டு போனா, டச் போனா? சொல்லுங்க மக்களே

அப்பாவோட பழைய கீபோர்டு வெச்ச ஸ்மார்ட்போன் போயே போச்சு. சார்ஜர் வயரை வளைச்சுப் பிடிச்சாத்தான் சார்ஜ் ஏறுது. டச் போன் அவருக்கு ஆகவே ஆகாது. மே மாச வேர்வையில ஒரு எழுத்தைத் தொட்டா பக்கத்து எழுத்து விழுது, உடனே போனைத் திட்டுறார்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுல தேடினா, கீபோர்டு வெச்ச பிளாக்பெர்ரி கீ2 போன் செகண்ட் ஹேண்டுல கிடைக்கும்ங்கிறாங்க. ஆசைதான். ஆனா அது 2018 மாடல், ஆண்ட்ராய்டு 8.1-ஓட நின்னுடுச்சு. இப்போ யாராவது வெச்சிருக்கீங்களா? பேங்க் ஆப், ஜிபே ஓடுதா? பேட்டரி எங்கே மாத்தினீங்க?

இல்லேன்னா பெரிய ஸ்கிரீன் டச் போன் வாங்கி, ஜிபோர்டுல (கூகுளோட கீபோர்டு ஆப்) கீபோர்டு உயரத்தைக் கூட்டி, தமிழ் வாய்ஸ் டைப்பிங் பழக்கிடலாமா? பெரியவங்களுக்கு அப்படிப் பழக்கினவங்க சொல்லுங்க. பட்ஜெட் 15,000 ரூபாய்.