'கட்-அவுட்' என்ற ஒற்றருக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.

முதல் உலகப் போருக்கு முந்தைய லண்டனில் நடக்கும் ஒற்றர் கதையொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். ஒற்றனுக்கும் அவனை ஏவுபவருக்கும் நடுவே நின்று கடிதம் கைமாற்றும் ஆளை ஆங்கிலத்தில் 'கட்-அவுட்' என்கிறார்கள். இதை அப்படியே தமிழில் எழுதினால் வாசகர் கண்முன் நிற்பது ஐம்பது அடி உயர நடிகர், பாலாபிஷேகம்தான் பாக்கி.

குழுவில் வந்த 'இடைத்தரகர்' எனக்கு ஒப்பவில்லை. தரகருக்கு இரு பக்கமும் தெரியும். தெரிந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. 'தொடர்பாளர்' அதைவிட மோசம். இந்த ஆளை நடுவில் வைப்பதே தொடர்பு தெரியாமல் இருக்கத்தான். 'கைமாற்றி' நல்ல சொல், ஆனால் மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் வாங்கும் கைமாற்று நினைவுக்கு வந்துவிடுகிறது.

உண்மை ஆள் ஒருவரை வைத்துப் பார்ப்போம். லண்டன் கலிடோனியன் சாலையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் கார்ல் குஸ்தாவ் எர்ன்ஸ்ட். ஜெர்மன் கடற்படை உளவுத்துறையின் ஷ்டைன்ஹவர் ஜெர்மனியிலிருந்து அனுப்பும் தபால் கட்டுக்குள், பிரிட்டனிலிருந்த ஒற்றர்களுக்கான பல உறைகள் இருக்கும். எர்ன்ஸ்ட் அவற்றில் பிரிட்டிஷ் அஞ்சல்தலை ஒட்டிப் பெட்டியில் போடுவார். உள்ளூர்த் தபால் போலவே போய்ச் சேரும். இதற்குக் கூலி, மாதம் ஒரு பவுண்டு.

வேடிக்கை என்னவென்றால், ஒற்றனுக்கும் ஏவுபவருக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிட வேண்டியவரே எல்லா இழைகளும் கூடும் முடிச்சாகிப் போனார். 1909இல் தொடங்கிய பிரிட்டிஷ் உளவு அமைப்பில் உள்நாட்டுப் பொறுப்பிலிருந்த வெர்னான் கெல்லின் ஆட்கள் அந்தத் தபாலைப் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1914 ஆகஸ்ட் 4, பிரிட்டன் போரில் இறங்கிய அன்று, எர்ன்ஸ்ட் கைதானார். தண்டனை ஏழு ஆண்டு.

'ஒற்றொற் றுணராமை ஆள்க', அதாவது ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள்க என்று வள்ளுவர் சொன்ன காரியத்துக்குத்தான் இந்த ஆள். அதற்காக 'உணராமையர்' என்றெல்லாம் ஆக்கினால் கதையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

என் பரிந்துரை: இடைக்கையாள். 'கையாள்' என்பதில் ஏற்கெனவே கொஞ்சம் கள்ளத்தனம் உண்டு. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். பன்மை 'இடைக்கையாட்கள்' என்று தடையின்றி வரும். 'கட்' என்பதிலுள்ள அறுத்துவிடும் பொருள் இதில் இல்லை என்பது குறைதான். அதைக் கதையின் சூழல் தாங்கிக்கொள்ளும். ஓர் உரையாடலில் போட்டுப் பார்த்தேன்:

"முடிதிருத்துபவன் வெறும் இடைக்கையாள். அவனைப் பிடித்தால் உறைதான் கிடைக்கும், எழுதியவன் கிடைக்கமாட்டான்."

நாக்கில் தடுக்கவில்லை. உங்களுக்குத் தடுக்கிறதா?

அன்புடன்.