பொருள்: ‘பூட்டிக் ஒயினரி’க்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அல்சூரிலிருந்து:

நம் பெங்களூர்ச் சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவின் திராட்சைத் தோட்டங்களைப் பற்றிய பயணக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. ‘பூட்டிக் ஒயினரி’ என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘சிறு மதுவாலை’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. ஆலை என்றதும் பீனியாத் தொழிற்பேட்டையின் புகைபோக்கிதான் கண்முன் நிற்கிறது.

சொல் தேடுமுன் பொருளைப் பாருங்கள். அது எரிமலைத் தீவு. மழை மிகக் குறைவு, காற்றோ பேய்க்காற்று. கொடியைப் பந்தலில் ஏற்றினால் பூ நிற்காது. அதனால் கிளைகளை வட்டமாக முறுக்கி, தரையோடு தரையாகக் கூடைபோல் பின்னிவிடுகிறார்கள். குலைகள் அந்தக் கூடைக்குள் ஒடுங்கித் தொங்குகின்றன. இரவில் கடலிலிருந்து ஏறிவரும் பனிமூட்டத்தின் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இந்தக் கூடைக்கு அங்கே ‘குலூரா’ என்று பெயர். மண்ணில் களி அநேகமாக இல்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்செரா பூச்சியால் இங்கே குடியேற முடியவில்லை. மற்ற ஊர்களில் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டுகிறார்கள். இங்கே கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. கூடை முதிர்ந்து காய்ப்புக் குறைந்தால் அதை வெட்டிவிட்டு, அதே வேரிலிருந்து புதுத் தளிரை எழுப்புகிறார்கள்.

ஒரு குடும்பம் தன் அசிர்டிகோ திராட்சையைத் தானே பறித்து, எரிமலைப் பாறையைக் குடைந்த ‘கனாவா’ என்னும் நிலவறையில் மிதித்து, நொதிக்கவைத்து, தன் பெயரிலேயே புட்டியில் அடைக்கிறது. இந்தக் குடும்பமும் நிலவறையும் சொல்லுக்குள் வரவேண்டும். உதவுங்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

அம்மா, சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புறநானூறு 329: ‘இல்லடு கள்ளின் சில்குடிச் சீறூர்’. வீட்டில் ஆக்கிய கள், சில குடிகளே வாழும் சிற்றூர். குடும்பம், சிறுமை, தயாரிப்பு மூன்றும் ஒரே அடியில் அமைந்துவிட்டன. ‘இல்லடு தேறல்’ என்று பானத்துக்கு வையுங்கள், ‘இல்லடு தேறலகம்’ என்று இடத்துக்கு வையுங்கள். தேறல் என்பது தேறு என்னும் வினையடியாகப் பிறந்தது. தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் அடியில் தங்க, மேலே நிற்கும் தெளிவுதான் தேறல். ஒயினுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

ஜெயநகரிலிருந்து:

ஐயா, தேறலை முழுமனத்தோடு ஏற்கிறேன். ‘அடு’ சரிவராது. உணவுத் தொழில்நுட்பம் படித்தவன் என்பதால் சொல்கிறேன்: அடுதல் அடுப்பேறும் வேலை. அரிசிக் கள்ளுக்கு அது பொருந்தும், அங்கே தானியத்தை வேகவைத்தாக வேண்டும். திராட்சைக்கு நெருப்பு வேண்டாம். பழத்தின் சர்க்கரையை நொதி நேரே சாராயச் சத்தாக மாற்றிவிடுகிறது. ‘வடித்தல்’ என்றும் தயவுசெய்து எழுதாதீர்கள். நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறேன். வடிப்பது பிராந்தி, ஒயின் வடிக்கப்படுவதில்லை. பிழிந்து, நொதிக்கவைத்து, தெளியவைத்து இறுப்பது. சங்க நூல்களிலேயே ‘பிழி’ என்று மதுவுக்குப் பெயர் இருக்கிறதே. ‘மனைப்பிழி’ எப்படி?

ஃப்ரேசர் டவுனிலிருந்து:

ஆலை என்றால் புகைபோக்கி என்று அல்சூர் அம்மா எழுதியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விவிலியத்தில் ஏசாயா 63ஆம் அதிகாரத்தில் ‘நான் ஒருவனாய் ஆலையை மிதித்தேன்’ என்று வருகிறது. தனி ஒருவன் காலால் மிதிக்கும் தொட்டி அது. கரும்பாலையும் பிழியும் இடம்தானே? இயந்திரம் பின்னால் வந்து அந்தச் சொல்லில் குடியேறியது. திராட்சரசம் என்ற சொல்லையும் எங்கள் வீடுகளில் பாட்டிமுதல் பேரன்வரை அறிவார்கள். ‘மது’ என்றால் முகம் சுளிப்பவர்கள்கூட அதைக் கேட்டுச் சுளிப்பதில்லை. மக்கள் வாயில் நூற்றாண்டுகளாக இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏட்டிலிருந்து எதற்காக எடுக்க வேண்டும்?

ராமமூர்த்தி நகரிலிருந்து:

அண்ணா, உங்கள் பாட்டி அறிவார். என் வகுப்புப் பிள்ளைகள் திராட்சை ரசம் என்றால் பழச்சாறு என்றே நினைப்பார்கள். கையேட்டைப் படிப்பவர் சாறு என்று நம்பி நான்கு கோப்பை குடித்துவிட்டால்? ‘ஒயின்’ என்றே எழுதுவோம், சந்தேகம் எழாது. ‘குடும்ப ஒயின் தோட்டம்’ போதும். மனைப்பிழி என்பதைப் பார்த்தால் மனையைப் பிழிவதுபோல் இருக்கிறது.

மல்லேஸ்வரத்திலிருந்து:

ஒயின் என்று எழுதுவதற்குக் குழு எதற்கு, தம்பி? திராட்சை வடசொல், ஒயின் மேலைச்சொல். நடுவில் தமிழ் எங்கே? அந்தக் கொடிக்கு நம் அகராதிகளில் கொடிமுந்திரி என்று பெயர். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் இன்றைக்கும் இதே பழம்தான்; நாம் முந்திரி என்பதை அவர்கள் மரமுந்திரிகை என்கிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. மிகச் சிறியது என்னும் பொருள் அந்தச் சொல்லிலேயே பொதிந்திருக்கிறது. ‘பூட்டிக்’ என்னும் அடைமொழிக்குத் தனியே அலையவே வேண்டாம் என்பது என் துணிபு.

கோரமங்கலாவிலிருந்து:

ஐயா, பின்னத்துக்கும் பழத்துக்கும் பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. ‘பூட்டிக்’ என்ற சொல்லையே பார்ப்போம். பிரெஞ்சில் கடை, அதற்கு முன் லத்தீனில் ‘அபோதேகா’, கிரேக்கத்தில் ‘அபோதேகே’, அதாவது பண்டசாலை. உரோமானியர் வீடுகளில் ஒயின் சாடிகளை முதிரவைத்த அறைக்கே அபோதேகா என்று பெயர் இருந்தது. ஆக, அல்சூர் அம்மா கேட்கும் நிலவறை அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. ‘தேறலறை’ என்று வைத்தால் கனாவாவும் அடங்கும்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

சாடி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்பது புறநானூறு 56. கலம் என்பதற்குக் கப்பல் என்று கொள்வாரும் உண்டு, சாடி என்று கொள்வாரும் உண்டு. அரிக்கமேட்டில் கிடைத்த சாடித்துண்டுகளில் ஏஜியன் கடலின் கோஸ் தீவுச் சாடிகளும் இருக்கின்றன. சாண்டோரினியும் அதே கடல். அந்தத் தீவுகளின் ஒயின் தமிழ்க் கரைக்கு வந்து இறங்கியபோது நம் புலவர் அதைத் தேறல் என்றே அழைத்தார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே முடிந்துபோன கலைச்சொல்லாக்கம் இது. இன்று மறுபடி ஒயின் என்று எழுதுவது எனக்குத் தாங்கவில்லை.

ராமமூர்த்தி நகரிலிருந்து:

இந்தச் செய்தி எனக்குப் புதிது, ஐயா. மகிழ்ச்சி. பானத்துக்குத் தேறல் இருக்கட்டும், வாதத்தை விடுகிறேன். கொடிமுந்திரி மட்டும் வேண்டாம். கையேட்டின் அட்டையில் கொடிமுந்திரித் தோட்டம் என்று போட்டால், கடலூர்ப் பக்கத்து முந்திரிக்காடு என்றே நினைப்பார்கள். கம்பத்தில் பன்னீர் திராட்சை விளைவிப்பவரும் நந்தி மலை அடிவாரத்தில் பெங்களூர் நீலத் திராட்சை விளைவிப்பவரும் திராட்சை என்றே சொல்கிறார்கள். விளைவிப்பவன் வாய்ச்சொல்லுக்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஜெயநகரிலிருந்து:

மனைப்பிழியைத் திரும்பப் பெறுகிறேன். ‘தேறற்குடி’ என்று ஒன்று தோன்றியது. குடி என்றால் குடும்பம், ஊரும்கூட. இலக்கணமும் சரி: வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகும்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து:

குடி வேண்டவே வேண்டாம். எந்தத் தெருவில் கேட்டாலும் இன்று குடி என்றால் குடும்பத்தைக் கெடுப்பது. நான்கு தலைமுறையாக ஒரே கொடியைப் பேணும் வீட்டாரை அந்தச் சொல்லால் அழைக்க எனக்குக் கை வராது.

அல்சூரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு, முடிவெடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் தேறல் பக்கம் இருக்கிறீர்கள். நிலம் ‘திராட்சைத் தோட்டம்’, இடம் ‘குடும்பத் தேறலகம்’, பானம் முதல் தடவை ‘ஒயின் என்னும் தேறல்’, அதன்பின் தேறல் மட்டும். கனாவா அப்படியே நிற்கும், பக்கத்தில் ‘பாறைக் குடைவறை’ என்ற விளக்கத்தோடு. குலூராவுக்குக் ‘கூடைக்கொடி’ என்று எழுதிவிட்டேன். வின்சாண்டோ அங்குள்ள ஒரு தேறலின் சிறப்புப்பெயர், அதில் கை வைக்கவில்லை. வெயிலில் பரப்பி உலர்த்திய திராட்சையைப் பிழிந்து, மரப்பீப்பாயில் குறைந்தது 24 மாதம் முதிரவைப்பது அது. அந்த முதிர்தலுக்கு மட்டும் ‘பழக்குதல்’ என்று எழுதியிருக்கிறேன், உறுதியாக இல்லை.

மல்லேஸ்வரத்திலிருந்து:

பழக்குதல் யானைக்கு. திருமுருகாற்றுப்படையில் ‘நீடமை விளைந்த தேக்கட் டேறல்’ என்று வருகிறது. நீண்ட மூங்கில் குழாயில் இட்டு முதிரவைத்த தேறல் அது. மரப்பீப்பாய்க்கும் அதே வினை போதும்: ‘விளைவித்தல்’.

தேறலகம் வந்தது நல்லது. ஆனால் ‘குடும்ப’ என்பது வெளியிலிருந்து ஒட்டவைத்த அடையாகவே நிற்கிறது. ‘இல்லடு’ என்பதில் வீடு முதலிலேயே இருந்தது. நெருப்பில்லாமல் அடுதல் கூடாது என்ற ஜெயநகர்த் தம்பியின் வாதத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. போரில் பகைவரைக் கொல்வதும் அடுதல்தானே, அதற்கு எந்த அடுப்பு? என் மறுப்பைக் குழுவின் பதிவில் வையுங்கள்.

ஜெயநகரிலிருந்து:

விளைவித்தல் தோட்டத்திலும் வருகிறது, அறையிலும் வருகிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் குழம்புவார். ‘முதிர்வித்தல்’ என்று போடுங்கள் அம்மா. அடுதலைப் பற்றி ஐயாவுக்குத் தனி இழையில் எழுதுகிறேன்.