சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்கு மாணவர்களை எந்த மாதத்தில் அழைத்துச் செல்வது?

கேள்வி – விசுவமடு ஆசிரியை

வணக்கம். விசுவமடுப் பகுதியில் உள்ள ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் தரம் 9 மாணவர்கள் பதினெட்டுப் பேரைப் பூநாரை காட்டுவதாகச் சொல்லிச் சுண்டிக்குளத்துக்கு அழைத்துச் சென்றேன். நீரேரி கரையிலிருந்து வெகுதூரம் வற்றிக் கிடந்தது. உப்புப் பூத்து வெடித்த சேற்றையும் தொலைவில் நாலைந்து கொக்குகளையும் தவிர வேறொன்றையும் நாங்கள் காணவில்லை. "ரீச்சர், பூங்கா எங்கே?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது எனக்கு மறுமொழி வரவில்லை. மறுபடியும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எந்த மாதம் ஏற்றது, எந்தக் கரையில் நிற்க வேண்டும், அல்லது சிலர் சொல்வதுபோல வில்பத்துக்குச் செல்வதுதான் நல்லதா என்பதை அறிந்தவர்கள் கூறுங்கள்.

மறுமொழி 1 – கல்லாற்றுக் கரையோரம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் அன்று கண்ட வெடித்த சேறும் சுண்டிக்குளந்தான். அந்த நிலம் வெயிலில் அப்படிக் காய்வதும், மாரியில் நன்னீரில் அமிழ்வதும் மாறி மாறி நடப்பதனால்தான் அங்கே இத்தனை பறவைகளுக்கு இரை உண்டாகிறது.

கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் இந்த நீரேரியில்தான் வந்து விழுகின்றன. மாரி பலத்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்களென்றால், நாம் செய்தியில் பார்க்கும் அந்த வெள்ளம் கனகராயன் ஆற்றுவழியே இங்கேதான் வந்து சேருகிறது. கார்த்திகை, மார்கழியில் நீரேரி, தரவை என்னும் கரையோர வெளிநிலம் வரைக்கும் ஏறி நிற்கும். அப்போது பறவைகள் வந்திருந்தாலும் சிதறியே இருக்கும். குட்டைக்கால் பறவைகளுக்குக் காலூன்ற இடமிராது. தை பிறந்து மழை ஓய்ந்தபின் நீர் நாளுக்கு நாள் இறங்குகிறது. அப்படி இறங்கும் நீர்தான் விருந்துக்கு இலை போடுகிறது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் சற்று ஆழமான நீரில் மிதக்கும். பூநாரை முழங்கால் அளவு நீரில் நிற்கும். பவளக்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் அதற்கும் ஆழங்குறைந்த இடத்தில் நடக்கும். சிறிய உள்ளான்கள் ஈரச் சேற்றின் விளிம்பில் ஓடித் திரியும். கால் நீளத்தையும் சொண்டு நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால், இசைவாக்கம் என்ற பாடத்தைக் கரும்பலகை இல்லாமலே கற்பித்துவிடலாம்.

பூநாரை இரை எடுப்பதைப் பிள்ளைகள் ஆறுதலாகப் பார்க்கட்டும். அது தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, தடித்த நாக்கினால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். சொண்டின் ஓரத்தில் உள்ள சீப்புப் போன்ற தகடுகள் நுண்ணிய இறால்களையும் பாசியையும் வடித்து வைத்துக்கொள்ளும். இறகின் இளஞ்சிவப்பு நிறம் அந்த இரையிலிருந்து சேருவது. குஞ்சுப் பருவத்தில் அது சாம்பல் நிறம் என்பதைச் சொன்னால், கூட்டத்தில் இளம் பறவை எது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். என் சிறுவயதில் தந்தையாருடன் வலை வீசப் போகும்போது விடிவதற்கு முன்னரே அவற்றின் குரல் கேட்கும். வாத்துக் கூட்டம் கத்துகிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

மறுமொழி 2 – மன்னார் வீதி வாசகர்

வில்பத்தைப் பற்றி ஒரு சொல். 1938 இல் தேசியப் பூங்காவான அது ஏறக்குறைய 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மழைநீர் தேங்கி நிற்கும் "வில்லு" என்னும் இயற்கை நீர்நிலைகளே அதன் அழகு. சிறுத்தையையும் கரடியையும் காண வேண்டுமென்றால் அங்கே செல்லலாம். நம் காடுகளில் பாலைப்பழம் பழுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் பாலை மரங்களில் கரடி ஏறி நிற்பதைக் கண்டவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஜீப்பில் இருந்தபடியே பார்க்க வேண்டும். இறங்கி நிற்க முடியாது. பதினெட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று ஜீப்பாவது தேவைப்படும். எங்கள் குடும்பம் சென்றபோது சிறுத்தையைத் தேடி விரைந்ததிலேயே பகல் போய்விட்டது. வீட்டுப் பக்கத்தில் சுண்டிக்குளம் இருக்க, விஞ்ஞான மாணவர்களை அவ்வளவு தூரம் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

விசுவமடு ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. அனுமதி பெற வேண்டுமா? பிள்ளைகள் கரையில் நடந்து செல்லலாமா?

மறுமொழி 3 – கட்டைக்காட்டிலிருந்து

1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015 ஜூன் 22 அன்று தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பரப்பு 19,565 ஹெக்டேயர். சரணாலயத்தைவிடத் தேசியப் பூங்காவுக்குச் சட்டக் கட்டுப்பாடு கூடுதலானது. ஆகையால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அதிபரின் கையொப்பத்துடன் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, அவர்கள் காட்டும் இடத்தில் நில்லுங்கள். நீரேரியில் முதலை உண்டு. காய்ந்ததுபோல் தெரியும் சேறும் காலை உள்ளே இழுத்துவிடும். போர் நடந்த மண் என்பதால் பாதையை விட்டு எவரும் விலகக் கூடாது.

சென்ற மாசியில் ஒரு சுற்றுலாக் குழுவினர் படம் எடுப்பதற்காகத் தரவைக்குள் வாகனத்தை இறக்கிப் பூநாரைக் கூட்டத்தை மூன்று முறை எழுப்பிவிட்டதை நான் நேரில் கண்டு மனம் நொந்தேன். நெடுந்தூரம் திரும்பிப் பறக்கவிருக்கும் பறவைகள் உடலில் கொழுப்பைச் சேர்க்கும் நாட்கள் அவை. ஒவ்வொரு முறை எழுந்து பறக்கும்போதும் தின்ற இரையின் பயன் வீணாகிறது. பறவைகள் தலையை உயர்த்திப் பார்க்கத் தொடங்கினால், நீங்கள் நிற்கும் தூரம் போதாது என்று பொருள்.

தருமபுரத்திலிருந்து கல்லாறு வழியே செல்வது உங்களுக்குக் கிட்ட. ஆயினும் இயக்கச்சியிலிருந்து கட்டைக்காடு வழியாகக் கடற்கரைப் பக்கம் வந்தால் காலைச் சூரியன் முதுகுப்புறம் இருக்கும். நீர் கண்ணைக் கூசாது, நிறங்கள் தெளிவாகத் தெரியும். தைப்பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தின் பின், காலை ஆறரைக்குக் கரையில் நிற்கும்படி புறப்படுங்கள். மழை பிந்திய ஆண்டென்றால் மாசி நடுப்பகுதி வரை பொறுத்திருங்கள். தொலைநோக்கி இரண்டு என்னிடம் உள்ளன, பாடசாலைக்குத் தருகிறேன்.